மூக்கும் கரண்டியும்

சந்தைத் தெருவில் பச்சிலைக் கடைக்காரரைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. 'மூக்கு' என்றால் போதும். சின்னப் பிள்ளைகளுக்கு மூக்கு மாமா, பெரியவர்களுக்கு மூக்கண்ணன், ஓசியில் ஒரு துண்டு சுக்கு கேட்க வந்தவர்களுக்கு மட்டும் மூக்கையா. மலையில் இலை பறித்து வருகிறவர்கள் சாக்கைக் கடை வாசலில் இறக்குவார்கள். அவர் ஒரு கைப்பிடி அள்ளுவார், கசக்குவார், கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்ப்பார். அந்த நேரத்தில் பக்கத்துக் கடை முடிவெட்டுகிறவர்கூடக் கத்தரிக்கோலை நிறுத்திவிடுவார். மூக்கு "எடுத்துக்கலாம்" என்றால் எடுத்துக்கொள்ளலாம். "கொண்டு போ" என்றால் கொண்டுபோக வேண்டியதுதான். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அவருக்குப் பின்னால், கடையின் ஓரத்தில், அடுப்பும் கஞ்சிப் பானையுமாக ஒருத்தி நிற்பாள். அவர் பெண்டாட்டி. இந்தக் கதை அவளுடையது. ஊர் முழுக்க அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்ததால் இத்தனை நாள் யாரும் அவளைப் பற்றிச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஊர் அவளைக் கஞ்சியக்கா என்றது. வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய். சண்டைக்கு வந்தவன் சமாதானத்துக்குக் கெஞ்சுகிற வரை விடமாட்டாள். ஆனால் காய்ச்சலில் எழுந்தவனுக்குக் கஞ்சி ஊற்றும்போது அந்த வாய் அடங்கிவிடும். முதலில் ஆளை ஏற இறங்கப் பார்ப்பாள். "நாக்கை நீட்டு" என்பாள். "ராத்திரி தூங்கினியா? வயிறு எப்படி?" என்று கேட்பாள். காய்ச்சல் விட்டு நாக்கு செத்துப்போனவனுக்குச் சுக்கு தட்டிப்போட்ட நீர்க்கஞ்சி. வயிறு போனவனுக்கு உப்புப் போட்ட வடிகஞ்சி. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டைப் பாலிலேயே வேகவைத்து, வெந்தயம் சேர்த்து, கரண்டி நிற்கிற பதத்தில். எதைச் சாப்பிட்டாலும் குமட்டுகிறது என்கிறவளுக்கு வறுத்த சீரகத் தண்ணீரில் நாலு சொட்டு எலுமிச்சை. மூச்சு வாங்கிக்கொண்டு, உதடு கறுத்து யாராவது வந்து நின்றால் மட்டும் கரண்டியையே எடுக்க மாட்டாள். "கஞ்சி எங்கேயும் ஓடிப்போயிடாது. முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ. போய்ட்டு வந்து குடி" என்று வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். அப்படிப் போய்ப் பிழைத்து வந்தவர்கள் அந்தத் தெருவில் இன்றைக்கும் நடமாடுகிறார்கள்.

அவள் மரம் அறுக்கிற பட்டறைக்காரர் மகள். சின்ன வயதில் மரத்தூள் குவியல்களுக்கு நடுவில் வளர்ந்தவள். அவள் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு, ஒரு பிடித் தூளை மூக்கருகில் காட்டினால் என்ன மரம் என்று சொல்லிவிடுவாள். போதாக்குறைக்கு, ஈரத்தில் வெட்டியதா, காய்ந்து வெட்டியதா என்றும் சொல்வாள். மரம் வாங்க வந்தவர்களிடம் அவள் அப்பா அதைக் காட்டிக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்வார். கல்யாணமாகிப் பச்சிலைக் கடைக்கு வந்த புதிதில், ஒருநாள் உள்ளறையில் ஒரு வேர்க்கட்டைத் தூக்கிப் பார்த்து, "இது பூசணம் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டாள். நாத்தனார் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏண்டி, வந்ததும் வராததுமா மூக்கை நுழைக்கிறியா? எங்கண்ணன் மோந்து வாங்கினது அது. இந்த வீட்டுக்கு ஒரு மூக்கு போதும்."

வேர்க்கட்டு உள்ளே பூசணம் பிடித்துத்தான் இருந்தது. பிரித்துப் பார்த்த மூக்கு அதை ஓசைப்படாமல் கொண்டுபோய்க் குப்பையில் போட்டார். நாத்தனாரிடம் சொல்லவில்லை, இவளிடமும் ஒன்றும் சொல்லவில்லை. இவளுக்கா ரோஷம் வராது? 'சரி, உங்க மூக்கை நீங்களே வெச்சுக்குங்க' என்று அடுப்பைப் பற்றவைத்தவள்தான். அந்த அடுப்பு அணையவே இல்லை.

ஒரு மழைக்காலத்தில் மூக்குக்குக் காய்ச்சல் வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு வந்த காய்ச்சல்தான். கஞ்சியும் கஷாயமுமாகத் தேறி எழுந்து கடையில் உட்கார்ந்தார். ஆனால் மனிதர் சரியில்லை. யாராவது சாக்கை இறக்கினால், "நாளைக்குப் பார்த்துக்கலாம், இப்ப கை வேலையா இருக்கு" என்றார். கை சும்மாதான் இருந்தது.

கண்டுபிடித்தது பூண்டு. பாலில் போட்டிருந்த பூண்டை மறந்துவிட்டு அவள் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். திரும்பி வரும்போது தெருமுனையிலேயே தீய்ந்த நாற்றம் முகத்தில் அடித்தது. முடிவெட்டுகிறவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து நிற்கிறார். இவரோ பானைக்குக் கைநீட்டும் தூரத்தில் உட்கார்ந்து மிளகு பொறுக்கிக்கொண்டிருக்கிறார்!

"ஏங்க, இது தீயறது தெரியலையா உங்களுக்கு?"

"ஜலதோஷம். மூக்கு அடைச்சிருக்கு."

அடைத்த மூக்குக்குரிய குரல் இல்லை அது. அவள் பானையைக் கழுவினாள். மத்தியானம் உள்ளறைக்குப் போனபோது அவர் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். முன்னால் நசுக்கிய இஞ்சி, கிழித்த எலுமிச்சைத் தோல், கசக்கிய புதினா. ஒவ்வொன்றாக எடுத்து மூக்கில் வைத்து அழுத்தி அழுத்தி இழுக்கிறார். கண்ணிலிருந்து கொட்டுகிறது. இஞ்சிக் காரம் என்று நினைக்க அவளுக்கும் ஆசைதான்.

"எதுவுமே தெரியலடி" என்றார். "எல்லாம் தண்ணி மாதிரி இருக்கு. யாருகிட்டயும் சொல்லிடாத. சொன்னா நான் ஆளே இல்ல."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையிலிருந்த இஞ்சியை வாங்கி வைத்தாள். "சொல்ல மாட்டேன்" என்றாள். கொடுத்த வாக்கை மீறுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

ஆனால் கடை என்னாவது? அங்கே சும்மா கீரையா விற்கிறார்கள்? இருமல் இலை என்று ஒன்று இருக்கிறது. குழந்தைகளின் சளிக்கு அந்தப் பக்கத்தில் எல்லோரும் அதைத்தான் கொதிக்கவைத்துக் கொடுப்பார்கள். அது முளைக்கிற பாறை இடுக்கிலேயே இன்னொரு செடியும் முளைக்கும். அதே இலை, அதே வெட்டு, தண்டில் அதே பூனைமுடி. கடைக்காரர்கள் நல்லதை அக்கா என்பார்கள், கெட்டதைத் தங்கச்சி என்பார்கள். அக்காவைக் கசக்கினால் எலுமிச்சைத் தோலைக் கிள்ளின வாசனை. தங்கச்சியைக் கசக்கினால் எலிப்பொந்து நாற்றம். பறிக்கிறவர்கள் கையில் அக்கா வாசனை ஏறிப்போயிருக்கும், அதனால் தங்கச்சியைப் பறித்தாலும் அவர்களுக்குத் தெரியாது. அதைப் பிரிப்பதற்குத்தான் கடையில் ஒரு மூக்கு. தங்கச்சியைக் கொதிக்கவைத்துக் குடித்தால் பெரியவர்கள் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பார்கள், தலை சுற்றிக் கீழே விழுவார்கள். பச்சைக் குழந்தைக்குப் போனால் என்னாகும் என்று யாரும் பார்த்ததில்லை. பார்க்கவும் வேண்டாம்.

அவள்தான் வழி சொன்னாள். "நீங்க எப்பவும் போல அள்ளிக் கசக்குங்க. கண்ணை மூடிக்குங்க. கைய என் பக்கமா கொஞ்சம் நீட்டுங்க. நல்லதுன்னா கரண்டியால பானை விளிம்புல ஒரு தட்டுத் தட்டுவேன். தட்டலைன்னா திருப்பி அனுப்பிடுங்க."

"யாராவது கண்டுபிடிச்சா?"

"கஞ்சிக்காரி கரண்டி தட்டுறதை எவன் கவனிக்கப் போறான்?"

ஒருவரும் கவனிக்கவில்லை. சாக்கு இறங்கும், அவர் கசக்குவார், கை சற்றே பின்னால் போகும், 'டங்' என்று ஒரு சத்தம் வரும், "எடுத்துக்கலாம்" என்பார். மழை விட்டு வெயில் வந்தது. வேடிக்கை என்னவென்றால், முன்னைவிட அவர் பேர் பெரிசாகிவிட்டது! முன்பெல்லாம் எப்போதாவது ஒரு வாடின கட்டு தப்பி உள்ளே வந்துவிடும். இப்போது அதுவும் இல்லை. "காய்ச்சலுக்கு அப்புறம் எங்கண்ணன் மூக்கு இன்னும் கூர்மையாயிடுச்சு" என்று நாத்தனார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கஞ்சியக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது, தன் மூக்கை நினைத்து அவளுக்குக் கர்வமாகத்தான் இருந்தது. அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

பிறகு அந்தச் சந்தை நாள் வந்தது. ஊரில் குழந்தைகளுக்கு இருமல் பரவியிருந்தது. கடையில் கூட்டம் மொய்த்தது. கஞ்சிக்கும் கூட்டம், இலைக்கும் கூட்டம். வழக்கமாக இலை கொண்டுவருகிற மலைக்காரி சாக்கை இறக்கிவிட்டு, "சீக்கிரம் பாருங்கண்ணே, வண்டி போயிடும்" என்று பறந்தாள். மூக்கு அள்ளினார், கசக்கினார், கையைப் பின்னால் நீட்டினார். கஞ்சியக்கா அப்போது ஒரு கிழவருக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். பூண்டு ஆவி முகத்தை மறைத்திருந்தது. கரண்டியில் ஒட்டிய பருக்கை விழாமல் நின்றது. அதை உதிர்க்கப் பானை விளிம்பில் தட்டினாள்.

டங்.

"எடுத்துக்கலாம்" என்றார் மூக்கு.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாக்கு பாதி காலியாகிறவரை விற்றுவிட்டார். கூட்டம் குறைந்த பிறகு, மிச்ச இலையைப் பாயில் பரப்ப உள்ளே போனவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். எலிப்பொந்து. குனிந்து ஒரு கைப்பிடி அள்ளிக் கசக்கினாள்.

"என்னங்க! இங்க வாங்க!"

அவர் வந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"நீ தட்டினியே?"

"பருக்கைய உதறினேன். ஐயோ, பருக்கைய உதறினேங்க!"

அவர் மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தார். அப்புறம் மெதுவாக, "நல்ல இலை எடுத்துட்டுப் போவோம். பழைய சரக்கு மாறிப்போச்சுன்னு சொல்லி மாத்திக் குடுத்துடலாம். யாருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம்" என்றார்.

"மாத்திக் குடுக்கிற வரைக்கும் கொதிக்கிற பானை காத்துக்கிட்டு இருக்குமா? தையல்காரர் பெண்டாட்டி வாங்கிட்டுப் போயிருக்கா. அவ பிள்ளைக்கு இன்னும் தலை நிக்கல!"

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள். சந்தைக் கூடைகளைத் தாண்டி, துணிக்கடை முக்கைத் தாண்டி, தையல்காரர் வீட்டு வாசலில் போய் நின்றபோது மூச்சு இரைத்தது. முன்னறையில் தையல்காரர் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்தார். உள்ளே அடுப்பில் பானை கொதிக்கிறது. தையல்காரர் பெண்டாட்டி தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு, கிண்ணத்தில் ஊற்றி ஊதிக்கொண்டிருந்தாள். குழந்தை லொக் லொக்கென்று இருமியது.

"குடுக்காத! கீழ கொட்டு அதை!"

"என்னக்கா, என்ன ஆச்சு?"

"அது இருமல் இலை இல்ல. தங்கச்சி."

தையல்காரர் பெண்டாட்டி கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "மூக்கண்ணன் என் கண்ணு முன்னால மோந்து பார்த்துக் குடுத்ததுக்கா. விடிஞ்சதிலேருந்து பிள்ளை மூச்சுக்குத் திணறுது. நீங்க விளையாடாதீங்க."

"மோந்து பாரு! எலி நாத்தம் அடிக்கலையா?"

அவள் மோந்து பார்த்தாள். பாவம், அவளுக்கு எல்லாம் ஒரே இலை வாசனைதான். தையல்காரர் எழுந்து வந்தார். கோபம் மூக்குக்கு மேல் நின்றது. "இந்தாம்மா, உங்க வீட்டுக்காரர் பார்த்துக் குடுத்ததை நீ வந்து தப்புங்கிறே. கஞ்சி காய்ச்சுறது உன் வேலை. இலையைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

கஞ்சியக்கா கிண்ணத்தைப் பிடித்தாள். தையல்காரர் பெண்டாட்டி விடவில்லை. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள், சுடுதண்ணீர் கையில் சிந்துகிறது. அவள் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தைதான். அதைச் சொல்லிவிட்டால் இந்தக் கை விட்டுவிடும். கொடுத்த வாக்கு? அந்தப் பிள்ளையின் சின்ன வாயைப் பார்த்தாள். வாக்காவது மண்ணாவது என்று வாயைத் திறந்தாள்.

"விடும்மா அதை."

வாசலில் மூக்கு நின்றார். ஓடிவந்திருக்கிறார். வேட்டியெல்லாம் புழுதி, எங்கேயோ விழுந்து எழுந்திருக்கிறார். பின்னால் தெருவே எட்டிப் பார்க்கிறது.

"அவ சொல்றதுதான் சரி. எனக்கு மூக்கு செத்துப்போச்சு. மழைக்காலத்துக் காய்ச்சல்லேருந்தே ஒரு வாசனையும் தெரியாது. இத்தனை மாசமா நீங்கெல்லாம் வாங்கினது இவ மூக்கு பார்த்துக் குடுத்தது. நான் சும்மா பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன். இன்னிக்கு இவளைக் கேக்காம வித்த இலை இது. கொட்டிடு, தாயி."

தையல்காரர் பெண்டாட்டியின் கை தானாகத் தளர்ந்தது. கஞ்சியக்கா கிண்ணத்தைப் பிடுங்கினாள், அடுப்புப் பானையையும் இறக்கிக் கொல்லையில் கவிழ்த்தாள். பிறகு குழந்தையின் மூச்சைக் காது வைத்துக் கேட்டாள். விலா உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

"இதுக்கு நல்ல இலையும் போதாது. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. வந்த பிறகு நான் உனக்குப் பூண்டுக் கஞ்சி காய்ச்சித் தரேன், பால் நல்லா ஊறும்" என்றாள். தையல்காரர் மறுபேச்சில்லாமல் சட்டையை மாட்டினார்.

மிச்சப் பேர் வீடுகளுக்கு மூக்கேதான் போனார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "இலையைக் கொட்டுங்க, எனக்கு மூக்கு போச்சு" என்று குரல் விட்டார். முதல் வாசலில் குரல் நடுங்கியது. கடைசித் தெருவுக்கு வரும்போது காய் விற்கிறவன் மாதிரி கணீரென்று கூவிக்கொண்டு வந்தார். சூளைக்காரர் ஒருவர் மட்டும் அவசரக்குடுக்கை, ஒரு டம்ளர் குடித்தே விட்டார். அவரை வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கஞ்சியக்கா கூடவே போய், கையில் அந்த இலையையும் கொண்டுபோய், ஒன்றையும் பூசி மெழுகாமல் டாக்டரிடம் சொன்னாள். அவர் பார்க்க வேண்டியதைப் பார்த்தார். மறுநாள் சூளைக்காரர் எழுந்து உட்கார்ந்து, "செத்தாலும் சாவேன், அந்தக் கண்ராவியை இனி குடிக்க மாட்டேன்" என்றார். தையல்காரர் குழந்தையும் தேறி வீடு வந்து சேர்ந்தது.

கடை அவ்வளவுதான் என்று நாத்தனார் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "வீட்டு மானத்தைச் சந்தி சிரிக்க வெச்சுட்டாளே" என்று மூக்கைச் சிந்தினாள். கஞ்சியக்காவுக்கும் உள்ளுக்குள் உதறல்தான். அடுத்த சந்தை நாள் காலையில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, தெருவைப் பார்க்காமல் அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் ஆளாக வந்தவள் தையல்காரர் பெண்டாட்டி. தோளில் குழந்தை.

"அக்கா, நல்ல இருமல் இலை குடுங்க. நீங்க மோந்து பார்த்துக் குடுங்க."

அதற்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். சிலர் வரவில்லை. அதுவும் நியாயம்தான். முடிவெட்டுகிறவர் மட்டும், "இவ்வளவு நாளா தப்பான மூக்குக்குக் கத்தரிய நிறுத்தி மரியாதை குடுத்துட்டேனே!" என்று அங்கலாய்த்தார்.

வெயில் ஏறுகிற நேரத்தில் புது ஆள் ஒருவன் சாக்கோடு வந்தான். தூரத்து மலைக்காரன், விஷயம் எதுவும் தெரியாதவன்.

"இங்க மூக்குன்னு ஒருத்தர் இருப்பாராமே? அவர் பார்த்தாதான் சரக்கு போகும்னாங்க. அது யாருங்க?"

நாத்தனார் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அவர் எழுந்தார். தான் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்த முக்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அடுப்புக்கு முன்னால் போட்டார். "இதோ, இவங்கதான்" என்றார். பெண்டாட்டி கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார்.

அவள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாக்கின் மேலிருந்து ஒரு கை, அடியிலிருந்து ஒரு கை அள்ளினாள். கசக்கினாள். கண்ணை மூடினாள். பக்கத்துக் கடையில் கத்தரிக்கோல் நின்றது. நிதானமாக மோந்து பார்த்தாள், அவசரமே படவில்லை.

"அக்காதான்" என்றாள். "எடுத்துக்கலாம்."

மூக்கு கரண்டியை ஓங்கிப் பானை விளிம்பில் தட்டினார். தெருமுனை வரை கேட்டது. "மெதுவாங்க, பானை உடைஞ்சிடும்" என்று அவள் அதட்டினாள். அவர் கேட்கவே இல்லை, இன்னொரு தட்டுத் தட்டினார்.